கப்பல் வண்டியின் காட்டர் பின்

போட்டோமா, இல்லையா? எஸ்டேட் கேட்டைத் தாண்டி முன்சக்கரம் தார்ரோட்டில் இறங்கிய அந்த நொடியில்தான் இன்னாசிமுத்துவுக்கு அது மண்டையில் உறைத்தது. அதுவரைக்கும் மனுஷன் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வெள்ளை யூனிபாரம், பித்தளைப் பொத்தான், தலையில் தொப்பி, முன்னால் ஒரு ஆள் படுத்துத் தூங்குகிற நீளத்துக்குக் கறுப்புப் பானெட், அதன் மேல் ஏற்காட்டுக் காலை வெயில். பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிற மெத்தையில் எஸ்டேட் முதலாளி லேனியம்மா, பக்கத்தில் வண்டியை வாங்க வந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர் வரதராஜுலு, அவருடைய பேத்தி. எல்லாம் சரிதான், காட்டர் பின்னைப் போட்டோமா? நேற்று சாயங்காலம் பிரேக் ராடைக் கழற்றி ரெண்டு சுற்று முடுக்கி மறுபடி மாட்டினான், சரி. இணைப்பில் ஆணியைச் சொருகினான், அதுவும் ஞாபகம் இருக்கிறது. ஆணி நழுவாமல் இருக்க அதன் ஓட்டையில் ஒரு சின்னக் கம்பியைக் கோத்து ரெண்டு காலையும் விரித்துவிட வேண்டுமே, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கம்பி, அதை? கோத்த மாதிரி இருக்கிறது. காலை விரித்த மாதிரியும் இருக்கிறது. ஆனால் அது நேற்றா, முந்தாநாளா? பத்து நாளாக அந்த ராடைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத்தானே கிடந்தான், எந்த நாளின் கை அது? கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. இருக்குமா பின்னே, இது யூனிபாரம். வேலைக்குப் போடும் காக்கிச் சட்டை ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. சேலத்தில் வாங்கிவந்த காட்டர் பின்கள் அந்தப் பையில்தான். எத்தனை மிச்சம் இருந்தது என்று காலையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையைவிட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்த்தாயா? தொப்பியைக் கோணாமல் வைக்க அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றாயே, அதுக்கு நேரம் இருந்தது. போடா, நீயும் உன் தொப்பியும்.

இத்தனைக்கும் நல்ல பிரேக் இருந்த வண்டி இது. நினைத்தால் வயிறெரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் பிரான்சில் செய்து, கப்பலில் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கி, லேனியம்மாவின் மாமனார் கைக்கு மாறி, மலையேறி இங்கே வந்தது. அதன் நிஜப் பெயர் எஸ்டேட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையாது, லேனியம்மா மட்டும் மூக்கால் அழகாகச் சொல்வார். மற்ற எல்லாருக்கும் அது கப்பல் வண்டி. மாமனார் போனபிறகு, அம்மாவின் வீட்டுக்காரர் காலத்தில், மலைரோட்டுக்கு இந்தக் கம்பி பிரேக் ஆகாது என்று அம்பாசடர் பிரேக்கை எடுத்து மாட்டினார்கள். முப்பது வருஷம், ஒரு நாள் அது காலை வாரியதில்லை. பழைய ராடுகளுக்குக் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி ஷெட்டுப் பரணில் ஏற்றியது இன்னாசிதான். அப்புறம் போன மாசம் வரதராஜுலுவின் கடிதம் வந்தது. எல்லாம் ஒரிஜினலாக இருந்தால் மட்டும் பார்க்க வருகிறேன், ஒரு நட்டு மாறியிருந்தாலும் வேண்டாம். லேனியம்மா அதைப் படித்துக் காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். எஸ்டேட் கைமாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், லேனியம்மா தங்கச்சி வீட்டுக்குப் பாண்டிச்சேரி போகிறார், அங்கே இருப்பது மூணாவது மாடியில் ரெண்டு ரூம். இந்தக் கோயம்புத்தூர்க்காரரை விட்டால் காயலான் கடைக்காரன்தான். அவன் ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறான். வெந்ததா என்று இட்லியைக் குத்திப் பார்க்கிற மாதிரி கதவை விரலால் தட்டிப் பார்த்து, "மேல் தகரம் நல்ல கனம், வெட்டறதுக்கு ரெண்டு நாள் ஆகும்"னு சொன்னான். வெட்டறதுக்கு! அந்த வார்த்தை காதில் விழுந்த அன்றைக்கு இன்னாசி சோறு தின்னவில்லை. மறுநாள் விடிந்ததும் போய் நின்று, "பரண்ல பழைய ராடெல்லாம் இருக்கும்மா, பத்து நாள் குடுங்க, கப்பல்ல வந்த மாதிரியே ஆக்கிடறேன்" என்று சொன்னது அவன் வாய்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. உத்தமமான பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு உளுத்துப்போன பிரேக்கை மாட்டுகிறவனை என்னவென்று சொல்வது? அம்மாவும் துணிந்து வரதராஜுலுவிடம், கப்பலில் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, யாரும் கை வைத்ததில்லை என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டே சொன்னார், பாவம், பழக்கமில்லாத பொய்.

ரெண்டாவது கியரில் போட்டு மேல் வளைவை எடுத்தான். இருபது வளைவு, கீழே சேலம் பக்கத்திலிருந்து ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டு வரும், மேலே இருந்து இறங்குகிறவனுக்கு இருபதுதான் முதல். திட்டம் என்னவென்றால் பதினாறு வரை இறங்கி, டீக்கடை முன்னால் திருப்பி, ஏறி வந்துவிடுவது. வரதராஜுலு கேட்டது அதைத்தான், எஸ்டேட் சமவெளியில் ஓட்டிக் காட்டினால் போதாது, மலையில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிரேக்கை மெல்லத் தொட்டான். பிடித்தது. பிடிக்கும், ஏன் பிடிக்காது, ஆணி இருக்கிறதே. காட்டர் பின் இல்லாவிட்டாலும் ஆணி உடனே விழுந்துவிடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு மயிரிழை நகரும். நேற்று மாட்டிய பிறகு எத்தனை மிதி? ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கும்போது ஒன்று, போர்ட்டிகோவில் ஒன்று, கேட்டில் ரெண்டு, இப்போது ஒன்று. இன்னும் எத்தனை மிச்சம்? இதை யார் வந்து சொல்வார்கள்? கைபிரேக் இருக்கிறதே என்றால், காலும் கையும் போய்ச் சேருகிற இடம் அந்த ஒரே ராடு, அந்த ஒரே ஆணி. ரெண்டு டன்னுக்கு மேல் கனம், உள்ளே மூணு உயிர், தன்னையும் சேர்த்தால் நாலு. தன்னை ஏன் சேர்க்கணும், விடு. சரி, நேற்றைக்கு என்ன நடந்தது, வரிசையாக யோசி. வண்டி ஜாக்கியில் இருந்தது. அடியில் மல்லாந்து படுத்திருந்தான். ராடை மாட்டினான். ஆணியைத் தட்டினான். அப்போது வாசலில் இருந்து அம்மா குரல், "இன்னாசி, டெய்லர் வந்திருக்கான், அளவு பார்க்கணுமாம், சீக்கிரம் வா." இவன், "இதோ வரேம்மா" என்றான். அந்த 'இதோ வரேம்மா'வுக்கும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினதுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கை கழுவினது நன்றாகத் தெரிகிறது, தண்ணீர் ஜில்லென்றது, தலைக்கு மேலே மைனா கத்தியது. டெய்லர் இடுப்பைப் பிடித்துக் குண்டூசி குத்தினது தெரிகிறது. அந்தக் குண்டூசிதான் கட்டைவிரலில் கிழித்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் சுருக் சுருக்கென்கிறது. இப்போது அதுவா முக்கியம்? திரும்பிவந்து ஜாக்கியை இறக்கினான். இறக்குமுன் குனிந்து பார்த்தானா? பார்த்திருப்பான். முப்பத்தெட்டு வருஷ டிரைவர் பார்க்காமல் இறக்குவானா? இறக்கியிருப்பான். பித்தளைப் பொத்தானை நினைத்துக்கொண்டு இறக்கியிருப்பான்.

மேல் வளைவு முடிந்ததும் பள்ளம் இடது கைப்பக்கம் வந்துவிட்டது. இந்த மலைரோட்டில் அப்படித்தான், ஒரு வளைவுக்கு ஒரு தடவை மலையும் பள்ளமும் இடம் மாறிக்கொள்ளும். கீழே காப்பிச் செடி, சில்வர் ஓக், அதுக்குக் கீழே வெறும் காற்று. ராத்திரி தூறின ஈரத்தில் இலையெல்லாம் ரோட்டில் ஒட்டிக் கிடந்தது. இன்ஜின் பிடியிலேயே இறக்கினான், கால் பிரேக்கின் மேல் காற்று மாதிரி நின்றது, தொடவில்லை. நிறுத்திவிடலாமா? நிறுத்தி? இறங்கி, வண்டிக்கு அடியில் போய், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்தால் ஆயிற்று. ஆனால் எதற்குப் பார்க்கிறாய் என்பாரே வரதராஜுலு. கெட்டிக்கார ஆள். காலையில் வந்ததுமே பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு நட்டாகக் கைவிளக்கு அடித்துப் பார்த்தவர். யாரும் கை வைக்காத பிரேக்கை டிரைவர் ஏன் நடுரோட்டில் படுத்துப் பார்க்கணும்? அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அம்மாவின் பொய் வெளியே வரும். செவ்வாய்க்கிழமை காயலான் கடை லாரி வரும், ரெண்டு நாளில் வெட்டி முடித்துவிடுவான். அந்தச் சாம்பல் மெத்தை, ஜன்னலோரப் பூச்சாடி, பட்டுக்கயிறு. மாதாவே, என்னத்தைச் செய்வேன்? முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வரதராஜுலு என்னமோ சொல்கிறார், அம்மா சிரிக்கிறார், ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வராது. அந்தத் தடுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. மாமனார் போட்டுவிட்டுப் போன சட்டம். கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் கிளம்பு, ரெண்டு தட்டு என்றால் நிறுத்து. தட்டாமல் டிரைவர் கிளம்பக் கூடாது, தட்டாமல் நிறுத்தவும் கூடாது, எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்த்துப் பேசக் கூடாது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை மீறினதில்லை. நாய் குறுக்கே வந்தாலும் ஒடித்துத்தான் போவானே தவிர நிறுத்தமாட்டான் என்று எஸ்டேட்டில் கேலி பேசுவார்கள். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இப்போது நாக்கு வழிக்கலாம்.

பாம்பாம் என்று சேலத்துப் பஸ் கீழே எங்கேயோ கத்தியது. ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும், பத்தொன்பதாவது வளைவில்தான் ரெண்டும் சந்திக்கும், கணக்குப் போட்ட மாதிரி. முதல் கியருக்கு மாற்றினான், இன்ஜின் ஊளையிட்டது, வண்டி முக்கி முனகி வேகம் குறைந்தது. போதவில்லை. மிதித்தான். பிடித்தது, ஆனால் காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு. அது ஆணியா? இல்லை பெடலே அப்படித்தானா? நேற்றும் இந்த 'டக்' இருந்ததா? பஸ் வளைந்து, ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போனது. ஜன்னலில் இருந்த ஜனமெல்லாம் கப்பல் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டியது. இன்னாசிக்கு அவர்கள் முகம் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் வேர்வை இறங்கி, புதுக் காலர் அரித்தது. அப்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்ததோ, சனியன் பிடித்த நினைப்பு. நீ மறக்கவில்லைடா. நீ வேணுமென்றேதான் விட்டிருக்கிறாய். சீ, என்ன பேச்சு இது! ஆனால் நினைப்பு விடுகிறதா? போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்று நீ என்ன வேண்டிக்கொண்டாய், சொல். அந்தோணியாரே, எப்படியாவது அந்தக் கோயம்புத்தூர் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டாயா இல்லையா? காயலான் கடையில் வெட்டினாலும் வெட்டட்டும், இன்னொருத்தன் ஓட்டக் கூடாது என்று ஒரு நொடி, ஒரே நொடி, நினைத்தாயா இல்லையா? போன வாரம் அம்மா போனில் வரதராஜுலுவின் மற்ற வண்டிகளைக் காட்டினாரே, பளிங்குத் தரையில், சிவப்புக் கயிறு கட்டி, வரிசையாக, அதைப் பார்த்து உனக்கு அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்ததே. மனசு கேட்டதைக் கை செய்துவிட்டது. டெய்லர், அம்மா குரல், அதெல்லாம் சாக்கு. கை எல்லாம் தெரிந்துதான் அந்தப் பின்னைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டது. நான் அப்படிப்பட்டவனா? மரியதங்கத்திடம் போய்க் கேள், நான் அப்படிப்பட்டவனா? கட்டினவள் எதைக் கண்டாள்? தன் கையை இன்னாசி முதல் தடவையாக அடுத்தவன் கை மாதிரி பார்த்தான். ஸ்டியரிங்கில் கிடந்த அந்த ரெண்டு கறுத்த கையைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

வளைவு முடிந்தது. மலை இடது பக்கம் வந்துவிட்டது. அடுத்த வளைவு வரைக்கும் முந்நூறு கஜம் இருக்கும், அதுக்குள் ஏதாவது செய்தால்தான் உண்டு, பதினெட்டுக்குப் பிறகு மறுபடி பள்ளம். செய்யலாமா? அம்மா தட்டினால் நிறுத்தலாம். தட்டும்மா. தட்டேன். கண்ணாடியில் பார்த்தான். அம்மா வரதராஜுலுவிடம் பூச்சாடியைக் காட்டிக்கொண்டிருந்தார். பேத்தி, தன்வி என்று கூப்பிட்டார்கள், ஆறு வயசு இருக்கும், மெத்தையில் முட்டிபோட்டு ஏறித் தடுப்புக் கண்ணாடிக்கு வந்துவிட்டிருந்தது. மூக்கை அழுத்தி வைத்திருந்தது. ஊதி ஊதிப் புகையாக்கி அதில் என்னமோ கிறுக்கியது. அவன் கண்ணைக் கண்ணாடியில் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தது, முன்பல் ரெண்டு இல்லை. அப்புறம் சும்மா, விளையாட்டுக்கு, சின்ன முட்டியை மடக்கித் தட்டியது.

டொக், டொக்.

ரெண்டு தட்டு. இன்னாசிக்கு அதுக்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ரோடு போட ஜல்லி கொட்டி வைத்திருந்த மேடு முன்னால் தெரிந்தது, முதல் கியரிலேயே இடதுசக்கரத்தை அதன்மேல் ஏற்றினான். ஜல்லி சரிந்தது, வண்டி குலுங்கி, சாய்ந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது. இறங்கிப் போய், கைக்குக் கிடைத்த பெரிய கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்தான்.

"எறங்குங்கம்மா. எல்லாரும் எறங்குங்க."

"என்ன இன்னாசி இது? பாப்பா வெளையாட்டுக்குத் தட்டுச்சு. போய் ஏறு" என்றார் லேனியம்மா. அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கண் வேறு மாதிரி ஆயிற்று. சொல்லாதே என்றது அந்தக் கண்.

"பிரேக்கு நேத்து நான் மாட்டினதும்மா. காட்டர் பின்னு போட்டேனா இல்லையான்னு தெரியலை. புள்ளைய வெச்சுக்கிட்டு இதுக்கு மேல என்னால எறக்க முடியாது." வரதராஜுலுவின் பக்கம் திரும்பினான். "ஐயா, முப்பது வருசமா இதுல இருந்தது அம்பாசடர் பிரேக்கு. உங்க கடுதாசி பாத்துட்டு நான்தான் பழசை எடுத்து மாட்டினேன். அம்மா மேல தப்பில்லைங்க, யோசனை என்னுது."

வரதராஜுலு பேத்தியைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். மலைச்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டுதான் வாயைத் திறந்தார். "ஏனுங்கம்மா, யாருமே கை வெச்சதில்லைன்னு சொன்னீங்களே?" லேனியம்மா குடையை ஊன்றி இறங்கி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னாசி தொப்பியைக் கழற்றி ஜல்லிமேல் வைத்தான். வெள்ளை யூனிபாரத்தோடு ஈரத்தில் மல்லாந்து வண்டிக்கடியில் போனான். எண்ணெய் வாசனை, சூட்டு வாசனை. ஆணி இருந்தது, முழுசாக. ஆணியின் ஓட்டையில் காட்டர் பின் இருந்தது. ரெண்டு கால், ஒன்று மேலே மடித்து, ஒன்று கீழே மடித்து, அவன் எப்போதும் மடிக்கிற மாதிரியே. கீழ்க்காலின் நுனியில் ஒரு துளி காய்ந்த ரத்தம். கட்டைவிரலைப் பார்த்தான். குண்டூசி ஒன்றும் கிழிக்கவில்லை. அம்மா கூப்பிட்ட அவசரத்தில், அந்த ஓட்டைக்குள்ளே, கை தன் வேலையைச் சுத்தமாக முடித்து, கீறலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வழி பூராவும் சுருக் சுருக்கென்று சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறது. இவன்தான் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் கையைப் போய்க் கொலைகாரன் என்று நினைத்தோமே. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, வண்டிக்கடியில், யாருக்கும் தெரியாமல் அவன் அழுதான்.

"இருக்குதா?" வரதராஜுலுவின் குரல்.

"இருக்குதுங்க."

வெளியே வந்ததும் லேனியம்மா கிட்டே வந்தார். "இருக்குதுன்னா அப்புறம் எதுக்குடா சொன்னே? வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"இருக்குதுன்னு தெரியாதேம்மா."

வரதராஜுலு வண்டியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தோளில் சாய்ந்திருந்த பேத்தியின் முதுகைத் தடவினார். "வண்டி எனக்கு வேணுமுங்கம்மா. இப்ப மாட்டியிருக்கறது பழசுதானுங்களே, பேசினபடி எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இனிமே இது ரோட்டுல ஓடக் கூடாது. வெள்ளிக்கிழமை லாரி அனுப்பறேன், ஏத்திவிட்டுருங்க. கொண்டுபோய் ஹாலுல நிறுத்திக்கறேன்."

இன்னாசி ஒரு எட்டு முன்னால் வந்தான். "ஐயா, ரெண்டு நாள் குடுங்க, அந்த அம்பாசடர் பிரேக்கையே திருப்பி மாட்டிக் குடுத்துடறேன். ஷெட்டுலதான் இருக்கு. சும்மா பூ மாதிரி நிக்குங்க."

"நிக்கற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்கு?" என்றார் வரதராஜுலு. குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அப்புறம் போனை எடுத்து, எஸ்டேட்டில் இருந்த தன் டிரைவரைக் காரோடு வரச் சொன்னார். பேத்தி கப்பல் வண்டியைக் காட்டி அழுதது. அவர் தலையாட்டிவிட்டார், வேண்டாம் கண்ணு.

ஜல்லிமேட்டுப் பக்கம் ரோடு அகலம், ரெண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்து வண்டியை மேல்நோக்கித் திருப்பினான். பிரேக்கை நன்றாக, முழுப் பலத்தோடு, மிதித்து நிறுத்தினான். கல்மாதிரி நின்றது. இறங்கிவந்து லேனியம்மாவுக்குப் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நேராக முன்பக்கம் நடந்து, தானே கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கேருந்து ரோடு வேற மாதிரி தெரியுதே" என்றார்.

அவன் ஏறி உட்கார்ந்தான். கிளம்பவில்லை, பழக்கதோஷம். லேனியம்மாவின் கை மோதிரத்தோடு உயர்ந்து கண்ணாடியைத் தேடியது. அது இப்போது முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது. முன்னால் இருந்த மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னாசி கிளட்சை விட்டான்.

பத்தொன்பது. இருபது. வண்டி ஏற்றத்தில் அதுபாட்டுக்குப் போயிற்று. எதிரில் வரதராஜுலுவின் கார் இவர்களைத் தாண்டிக் கீழே இறங்கியது. எஸ்டேட் கேட் தெரிந்தது, காவல்காரர் ஓடிவந்து ரெண்டு பக்கமும் திறந்து வைத்து நின்றார். இன்னாசி ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தான். மோதிரக் கை மடியில், குடைமேல், அசையாமல் இருந்தது. கேட் பக்கத்தில் வந்தது, பக்கவாட்டில் வந்தது, பின்னால் போயிற்று. ஏரிக்குப் போகும் ரோடு முன்னால் நீளமாகக் கிடந்தது. ரெண்டு தட்டு விழவில்லை. அது விழாமல் வண்டியை நிறுத்தி அவனுக்குப் பழக்கமும் இல்லை.